கழுத்தெலும்பு முறிந்தால் இத்தனை படம் எதற்கு? இரத்தம் எதற்கு?

மலையில் குளவி எழும்பிவிட்டால் ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்படி ஓடும்போது காலடியைப் பார்த்து ஓட யாராலும் முடியாது. கான், கல்லுக்கட்டு, கவ்வாத்து வெட்டிய கட்டை, எதில் கால் தட்டினாலும் தலைகுப்புற விழவேண்டியதுதான். குளவி கொட்டியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விழுந்ததைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். சில்லறை வேலைக்குப் போன ஒருவர், வயது 46, குளவிக்குப் பயந்து ஓடி ஆளுயரக் கல்லுக்கட்டிலிருந்து தலைகீழாக விழுந்தார். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத் தானாகவே எழும்பினார். கை கால் எல்லாம் நன்றாக அசைந்தது. லயத்துக்கும் நடந்தே வந்தார். ஆனால் வரும்போது இரண்டு கையாலும் தன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். "கைய எடுத்தா தல கீழ விழுந்துரும் போல இருக்கு" என்றார். பக்கத்துக் காம்பராப் பெரியவர் எண்ணெய்யைச் சுடவைத்து நீவி விடத் தயாராகிவிட்டார். நல்ல வேளையாகத் தோட்ட வைத்திய உதவியாளர் அந்த நேரம் லயத்துக்கு வந்தார். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்ததுமே, "யாரும் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சத்தம் போட்டார்.

அந்தச் சத்தம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. அவருக்குக் கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி பட்ட பாடு வேறு. "படம் எடுத்தாங்க, மறுபடியும் படம், அப்பறம் ஊசி போட்டு இன்னொரு படம். ஆள வச்சுப் படமா காட்டுறாங்க? அதுக்குப் பொறகு ரத்தம் ஏத்த வேண்டி வருமுன்னு சொல்றாங்க. கழுத்துல கத்தி வச்சா ஆளு பொழைக்கிறதில்லன்னு எங்க லயத்துல எல்லாரும் சொல்றாங்களே" என்று அந்த அம்மா நம்மிடம் கேட்டார். கையெழுத்துப் போடாமல் ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா என்றும் யோசித்திருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இது நேரலாம்.

மேல் கழுத்தில் என்ன இருக்கிறது?

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கீழுள்ள ஐந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. மேலே உள்ள இரண்டும் தனி ரகம். முதலாவதுக்கு வைத்தியர்கள் வைத்த பெயர் அட்லஸ். வானத்தைத் தோளில் சுமந்த ஒரு பூதத்தின் பெயர் அது, கிரேக்கர்களின் பழங்கதையில் வருகிறது. தலைச் சுமையைத் தாங்குவதால் அந்தப் பெயர். நம் பெண்கள் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துச் சுமை இழுப்பதை அந்தக் கிரேக்கர்கள் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்களோ என்னவோ.

அட்லஸ் எலும்பு ஒரு வளையம், சும்மாட்டைப் போன்றது. அதற்குக் கீழே உள்ள இரண்டாவது எலும்பின் பெயர் அக்சிஸ். அதிலிருந்து பல் போல ஒரு முளை மேலே கிளம்பி அட்லஸ் வளையத்துக்குள் நிற்கிறது. ஆட்டுக்கல் குழவி குழியில் சுழலுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே முளை நிற்கும், வளையம் சுழலும். நீங்கள் இடமும் வலமும் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது. முளை பின்பக்கம் சரியாமல் ஒரு குறுக்கு நார் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

அந்த வளையத்தின் நடுவில் முளைக்குப் பின்னால் முண்ணாண் இறங்குகிறது. மூளையிலிருந்து கை, கால், மூச்சு எல்லாவற்றுக்கும் கட்டளை போகும் நரம்புக் கட்டு அது. வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை முளை பிடிக்கிறது, இன்னொரு பங்கை முண்ணாண் பிடிக்கிறது, மீதி ஒரு பங்கு காலியிடம். அந்தக் காலியிடம் இருப்பதனால்தான் எலும்பு முறிந்த மனிதர் லயத்துக்கு நடந்து வந்தார். ஆபத்தும் அதே இடத்தில்தான். முறிந்த முளை இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் காலியிடம் தீர்ந்துபோகும், பிறகு முண்ணாண் நசுங்கும். மூச்சை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே முண்ணாண் அறுந்தால் மூச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். "நல்லாத்தான் நடந்து வந்தாரு, நீவி விட்டதும் போயிட்டாரு" என்று பழைய ஆட்கள் சொல்லும் கதைகளில் சிலது இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு படம் போதாதா?

எக்ஸ்ரே 1895ல் ஜெர்மனியில் றொன்ட்ஜன் கண்டுபிடித்தது. நூறு வருடத்துக்கு மேல் பழசு. எலும்பைப் பார்க்க இன்றும் அது உதவுகிறது. ஆனால் மேல் கழுத்தை நேராகப் படம் எடுத்தால் தாடையும் பல்லும் மறைத்துவிடும். அதனால்தான் வாயை "ஆ" என்று திறக்கச் சொல்லி, திறந்த வாய் வழியாக ஒரு படம் எடுக்கிறார்கள். அந்த அம்மா, "பல்லுல ஒண்ணுமில்லையே, ஏன் வாயத் தொறக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். பல்லைப் பார்க்க அல்ல, பல்லுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முளையைப் பார்க்கத்தான். பக்கவாட்டுப் படத்தில் ஏழு எலும்பும் தெரிய வேண்டும், அதற்குக் கீழுள்ள நெஞ்சு எலும்பின் மேல்விளிம்பும் தெரிய வேண்டும். தோள் மறைத்தால் மறுபடி எடுப்பார்கள். அதைக் கண்டு கோபப்பட வேண்டியதில்லை.

எக்ஸ்ரே பல முறிவுகளைத் தவறவிடும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும். இதுவும் எக்ஸ்ரே கதிர்தான், ஆனால் சுற்றிச் சுற்றி எடுத்துக் கழுத்தை மெல்லிய துண்டு துண்டாக, பாண் வெட்டியது போலக் காட்டும். 1971ல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு இதை எடுத்தார்கள். கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979ல் நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு எங்கே விண்டிருக்கிறது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை இதைப்போல் வேறெதுவும் காட்டாது.

எம்.ஆர்.ஐ. வேறு வகை. அதில் கதிர் கிடையாது, காந்தம். எலும்பைவிட மென்மையான பாகங்களை அது நன்றாகக் காட்டும். முண்ணாண் நசுங்கியிருக்கிறதா, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறதா, முன்பு சொன்ன குறுக்கு நார் அறுந்திருக்கிறதா என்பதற்கு அதைத்தான் நம்புவார்கள். மெஷினுக்குள் தகரத்தில் அடிப்பது போலச் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். உடம்பில் இரும்பு, பேஸ்மேக்கர், பழைய ஒப்பரேசனில் வைத்த கிளிப் ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாலி, மூக்குத்தி, தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதற்காக அழுதுகொண்டே திரும்பி வந்த பெண்களும் உண்டு. ஒரு மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு மறுப்பு இருக்காது.

ஊசி போட்டு எடுக்கும் படம்

இதைத்தான் பலர் தேவையில்லாத செலவு, தேவையில்லாத பயம் என்று நினைக்கிறார்கள். நம் எண்ணத்தில் ஒப்பரேசனுக்கு முன் மிக முக்கியமான படம் இதுவே.

இதயத்திலிருந்து மூளைக்கு இரத்தம் போக நான்கு பெரிய நாடிகள் உள்ளன. இரண்டு தொண்டைப் பக்கம், தொட்டால் துடிப்பது தெரியும். மற்ற இரண்டும் முள்ளந்தண்டு நாடிகள். கழுத்தெலும்புகளின் இரு புறமும் உள்ள ஓட்டைகளுக்குள்ளால், பெரும்பாலானவர்களுக்கு ஆறாம் எலும்பில் நுழைந்து, இவை மேலே ஏறுகின்றன. குழாய்க்குள் இன்னொரு குழாய் போவது போலத்தான். இரண்டாம் எலும்பைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வளைந்து முதலாம் எலும்புக்குள் புகுந்து, அதன் பின்புறத்தில் ஒரு பள்ளத்தில் படுத்துக் கிடந்து, பிறகு மண்டைக்குள் போகின்றன. மூளையின் அடிப்பகுதிக்கும் சிறுமூளைக்கும் சோறு போடுவது இந்த இரண்டும்தான்.

எலும்பு முறியும்போது இந்த நாடியும் கிழியலாம், அல்லது உள்சுவர் கிழிந்து இரத்தக்கட்டி உண்டாகலாம். அப்படி நடந்தால் அடிபட்டு சில மணியோ சில நாளோ கழித்துத் தலைசுற்றல், வாய் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பக்கவாதம் வரலாம். அதோடு எல்லோருக்கும் இந்த நாடி ஒரே பாதையில் போவதில்லை. சிலருக்கு இரண்டாம் எலும்புக்குள் அது வழக்கத்தைவிட உயரமாக வளைந்து, ஆணி போகவேண்டிய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இது அபூர்வமல்ல, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு பக்கமாவது அப்படி இருக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. வெளியே பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இரத்தக் குழாயில் தெரியும் மருந்தை ஊசியாக ஏற்றி சி.டி. எடுத்தால்தான் அந்தப் பாதை தெரியும்.

அந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போல ஓர் உணர்வு வரும். சில நொடியில் அடங்கிவிடும். சிறுநீரக வியாதி, சீனி வியாதி மாத்திரை, முன்பு ஏதாவது ஊசிக்குத் தடித்தது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

கத்தி வைத்தால் ஏன் இரத்தம் போகிறது?

முதலில் ஒன்று. எல்லா மேல் கழுத்து முறிவுக்கும் ஒப்பரேசன் வேண்டியதில்லை. அட்லஸ் வளையம் உடைந்து, நார் அறுபடாமல் இருந்தால் கழுத்துப் பட்டியோ தலையைச் சுற்றிய இரும்பு வளையமோ போட்டு மூன்று மாதம் போல வைத்திருந்தால் பெரும்பாலும் கூடிவிடும். நம் மனிதருக்கு முறிந்தது முளையின் அடிக்கழுத்து. அங்கே எலும்பு ஒட்டுவது கடினம். முளை நகர்ந்திருந்தாலோ வயது கூடியிருந்தாலோ இன்னும் கடினம். அதனால் இரண்டு எலும்பையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது நல்லது என்று டொக்டர்மார் முடிவு செய்தார்கள்.

பூட்டும் முறை ஒரே நாளில் வந்ததல்ல. 1939ல் கனடாவில் கலி என்பவர் கம்பியால் கட்டினார். கம்பி மட்டும் சுழற்சியைச் சரியாகத் தடுக்காது. 1987ல் சுவிற்சர்லாந்தின் மகேர்ல் இரண்டு எலும்பையும் ஊடுருவும் நீண்ட ஆணி முறையை வெளியிட்டார். பிடிப்பு நல்ல பிடிப்பு, ஆனால் ஆணி போகும் வழியில் நாடி உயர்ந்து வளைந்திருந்தால் ஆபத்து. 1994ல் பம்பாயில் டொக்டர் அதுல் கோயலும் லஹேரியும் முதலாம் எலும்பில் ஓர் ஆணி, இரண்டாம் எலும்பில் ஓர் ஆணி, இரண்டையும் சேர்க்க ஒரு தகடு என்ற முறையை எழுதினார்கள். 2001ல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ், மெல்ச்சர் இருவரும் தகட்டுக்குப் பதில் கம்பித் தண்டு வைத்து அதை மாற்றினார்கள். நம் பக்கத்து ஊரில் பிறந்த வழி இன்று உலகம் முழுவதும் நடக்கிறது என்பதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இந்த ஆணி போகவேண்டிய இடத்தில்தான் தொல்லை. அட்லஸுக்கும் அக்சிஸுக்கும் நடுவே இரண்டாவது கழுத்து நரம்பு வெளிவருகிறது. அதைச் சுற்றி மெல்லிய நாளங்கள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. சுவர் மெல்லிசு, கட்டுவதற்குப் பிடி கிடைக்காது, தொட்டாலே ஊற்றெடுக்கும். டொக்டருக்கு ஆணி போகும் இடமே தெரியாதபடி குழி நிரம்பிவிடும். இந்த ஒப்பரேசனில் போகும் இரத்தத்தில் பெரும்பங்கு இந்த நாளங்களிலிருந்துதான். நாடி கிழிவது அபூர்வம். கிழிந்தால் மட்டும் அது பீறிட்டு அடிக்கும்.

இதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள்? பாதி வேலை கத்தி எடுப்பதற்கு முன்பே நடந்துவிடும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும்போது வயிறு அழுந்தாமல் தொங்கவிடுவார்கள். வயிறு அழுந்தினால் நாளங்களில் அழுத்தம் கூடும், கழுத்தில் இரத்தம் அதிகமாகக் கசியும். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். வெட்டும்போது பின்கழுத்தின் நட்டநடுவில் உள்ள நார்க்கோட்டிலேயே இறங்குவார்கள், அங்கே இரத்தக் குழாய் குறைவு. வழி தவறித் தசைக்குள் போனால் கசியும். முதலாம் எலும்பின் பின்புறத்தில் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் போகமாட்டார்கள், அதற்கு அப்பால் நாடி படுத்திருக்கும்.

நாள வலை கசிந்தால் இரத்தம் உறையவைக்கும் பஞ்சு போன்ற பொருளை வைத்து, மேலே ஈரப்பஞ்சை வைத்து, அமர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள். ஒரு பக்கம் அமர்த்தி வைத்துவிட்டு மறுபக்கம் வேலை செய்வதும் உண்டு. மின்சாரச் சூட்டால் பொசுக்குவதும் உண்டு. ட்ரனெக்சாமிக் அசிட் என்ற மருந்தும் பல இடங்களில் கொடுக்கப்படுகிறது. மாதவிடாய்ப் போக்கு அதிகமான பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பது அதையேதான். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒகமோட்டோ என்ற தம்பதி கண்டுபிடித்தது.

நாடியே கிழிந்துவிட்டால்? அமர்த்திப் பிடிப்பார்கள். சில நேரம் அந்தத் துளையிலேயே ஆணியை இறக்கி அடைத்துவிடுவார்கள். மறுபக்கத்து நாடிக்கும் ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அங்கே ஆணி போடாமல் வேறு வழியில் கட்டுவார்கள். பிறகு நாடிப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கம் நன்றாக இருந்தால் பலர் தப்பிவிடுகிறார்கள். மறுபக்கம் ஒடுங்கியிருந்தால் பக்கவாதம், உயிர் ஆபத்துகூட உண்டு. மறுபக்கம் எப்படி இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கத்தான் அந்த ஊசிப் படம். "இதுக்குத்தானா!" என்றார் அந்த அம்மா. பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

நம் கையில் இருப்பது

50 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய மூன்றரை லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லீற்றர் போனால் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. நல்ல இரத்தமுள்ள ஆள் தாங்குவதை, ஏற்கெனவே இரத்தசோகை உள்ள ஆள் தாங்கமாட்டார். நம் தோட்டப் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் கூரைச் செத்தைக்குள் சொருகி வைப்பதும் தெரிந்ததுதான். இன்னொன்று, சொன்னால் கோபிக்கக்கூடாது. சோறு உண்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போகிறது. தேயிலையை வளர்க்கும் நாமே அதைச் சாப்பாட்டோடு குடிக்கக்கூடாது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், போதும்.

ஒப்பரேசனுக்கு இரத்தம் வேண்டும் என்றால் ஆள் சாகப்போகிறார் என்று அர்த்தமில்லை. தேவைப்பட்டால் உடனே கொடுக்கப் பொருத்தம் பார்த்து முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்கள். பல நேரம் அதைத் தொடாமலே திருப்பி அனுப்புவதும் உண்டு. இலங்கையில் இரத்தத்துக்குக் காசு கிடையாது, விற்பனையும் கிடையாது, தேசிய இரத்த மாற்றுச் சேவைக்கு மக்கள் மனமுவந்து கொடுக்கும் இரத்தம்தான். 18 வயது நிறைந்து 60க்குள் இருப்பவர், எடை 50 கிலோவுக்குக் குறையாதவர், இரத்தசோகை இல்லாதவர் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். எடுப்பது அரை லீற்றருக்கும் குறைவு. திருவிழாவுக்கு ஒன்றுகூடும் நம் இளைஞர்கள் கோயில் மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு தடவை இரத்ததான முகாம் வைத்தால் என்ன?

அஸ்பிரின், குளோபிடோகிரல், வாபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் மறைக்கவே கூடாது. மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்துவதா இல்லையா என்பதை அவர்களே சொல்வார்கள். நாட்டு மருந்து, எண்ணெய், கசாயம் எடுத்திருந்தாலும் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள்.

இனி, ஆள் விழுந்த இடத்தில் என்ன செய்வது என்பது. குளவி இன்னும் சுற்றுகிறது, மண் சரிகிறது என்றால் முதலில் அங்கிருந்து அகற்றத்தான் வேண்டும், அதில் கேள்வியில்லை. ஆபத்து விலகிவிட்டால் அசைக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். 2016ல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது, காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தப் பாதையால் வரவேண்டும் என்பதைச் சொல்லி, சந்தியில் ஓர் ஆளை நிறுத்துங்கள். வருமட்டும் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை, அது இருக்கிற நிலையிலேயே, ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையணை வைக்காதீர்கள். மூச்சு இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், மூச்சு நின்றால் கழுத்தைவிட மூச்சுதான் முதலில், தலையைப் பின்னால் வளைக்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளி வழி திறக்க வேண்டும்.

பாதை இல்லாத மலையிலிருந்து தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், கம்பளியில் கட்டித் தூளி போலத் தூக்காதீர்கள். கழுத்து மடங்கும். ஒரு கதவுப் பலகையைக் கழற்றுங்கள். தலையைப் பிடித்திருப்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல, மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் உடம்பை மரக்கட்டையை உருட்டுவது போல ஒரு பக்கம் உருட்டி, பலகையைக் கீழே தள்ளி, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சுருட்டிய சாக்கோ படங்கோ காதின் இரு பக்கமும் வைத்து நெற்றியோடு பலகையில் கட்டுங்கள்.

குடித்துவிட்டு விழுந்தவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "வலியே இல்லையாம், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். வெறியில் இருப்பவருக்கு வலி தெரியாது. அவர் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதை வைத்துக் கழுத்து நன்றாக இருக்கிறது என்று டொக்டர்களே முடிவெடுப்பதில்லை, நாம் எப்படி எடுப்பது? அதுபோல 65 வயதுக்கு மேற்பட்டவர், வாசல்படியில் தடுக்கி விழுந்தாலும், பின்கழுத்தில் வலி என்றால் படம் எடுக்க வேண்டியவர்தான். கை கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் எந்த வயதாயினும் அன்றைக்கே போகவேண்டும்.

நாம் சொன்ன அந்த மனிதருக்கு ஒப்பரேசன் நடந்து பத்து மாதமாகிறது. தலையை முன்போல முழுதாகத் திருப்ப முடியாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புகிறார். மலை வேலைக்கு இனி அனுப்பக்கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் தவறணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எண்ணெய்யோடு வந்த பெரியவர்தான் தினமும் அவருக்குத் துணையாகக் காலைப் பெரட்டுக்கு நடந்து வருகிறாராம்.